சேகர் கிளப்பிவிட்ட ஆர்க்டிக் சண்டை

அன்புள்ள முரளி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் பேச்சு கேட்பதில்லை.

இப்போது என்னை எழுத வைத்தவன் சேகர். "பூமி சூடாகுதுன்னா 2021 பிப்ரவரியில டெக்சாஸ் எப்படி உறைஞ்சது?" என்று கேட்டுவிட்டு அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும் என்று உனக்குத் தெரியும்.

அவனுக்குப் பதில் சொல்ல வடக்கிலிருந்து தொடங்க வேண்டும். 1979 முதல் ஆர்க்டிக், அதாவது வடதுருவப் பகுதி, உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. பனி மூடிய கடல் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி போனதும் தெரிகிற கருநீலத் தண்ணீர் கிட்டத்தட்ட அத்தனையையும் குடித்து, குளிர்காலம் நெருங்கும்போது காற்றில் விடும். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில். ஜெட் காற்று, அதாவது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாகப் பாயும் காற்று ஆறு, ஓடுவதே துருவத்துக்கும் தெற்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால்தான். அது குறைந்தால் காற்று தளரும், நெளியும். நெளிவு ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஒரு பக்கம் விடாத அனல், இன்னொரு பக்கம் விடாத குளிர். ஆய்வாளர்கள் ஜெனிஃபர் ஃபிரான்சிஸும் ஸ்டீபன் வாவ்ரஸும் 2012இல் வைத்த வாதம் இது. படித்தால் நீயும் மயங்கிவிடுவாய். ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் கதை தலைகீழ்: அங்கே வெப்பமண்டலத்துக் காற்றுதான் அதிகம் சூடாகிறது, வித்தியாசம் கூடுகிறது. கீழே ஒருவன் தளர்த்துகிற கயிற்றை மேலே ஒருவன் இழுத்துப் பிடிக்கிறான். கணினி மாதிரிகளில் கடல்பனியைக் குறைத்துப் பார்த்தால் ஜெட் காற்று தளரத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்சமாக.

டெக்சாஸுக்கு வருகிறேன். அந்த ஜனவரியில் துருவத்துக்கு மேலே அடுக்கு மண்டலம் (வானிலை நடக்கிற அடுக்குக்கு மேலே உள்ள காற்றடுக்கு) திடீரென்று சூடாகித் துருவச் சுழல், அதாவது துருவக் குளிரை வளைத்துப் பிடித்து வைத்திருக்கும் சுழல்காற்று, குலைந்தது. ஆர்க்டிக்கின் பேரண்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைவதுதான் சுழலை நலியவைக்கிறது என்கிறது ஆய்வாளர் ஜூடா கோஹன் தரப்பு. வானிலையின் வழக்கமான ஆட்டம் என்கிறது எதிர்த்தரப்பு. என்னைக் கேட்டால், ஆர்க்டிக்குக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் கட்ட முடியாது. சேகர் சிரிக்க அதில் ஒன்றுமில்லை: கடுங்குளிர் நாட்கள் மொத்தத்தில் குறைந்துகொண்டுதான் வருகின்றன, அனல் நாட்கள் கூடுகின்றன. அந்த ஒரு குளிரில் மட்டும் டெக்சாஸ் அரசின் கணக்கிலேயே 246 பேர் செத்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சரி, உனக்கு ஒரு வேலை. ராஸ்பி அலைகள், அதுதான் ஜெட் காற்றின் அந்தப் பெரிய நெளிவுகள், எப்போது ஒரே இடத்தில் நின்றுவிடும்? எனக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுது. ஒரு சமன்பாட்டுக்கு மேல் வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ரகு