மெல்லப் பாடுவது ஓய்வல்ல

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
ஜூலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. டர்பனில் எல்லாரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாள்காட்டியில் ராகு காலத்தை இப்போது கண்ணாடி இல்லாமலே படித்துச் சொல்கிறார். நீ கேட்டிருந்த மெட்ரோ ரயில் 2022 முதல் கியூர்ப்பிப் வரை போகிறது. போர்ட் லூயிக்குப் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போன நம் காலத்தைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். இந்த வருடம் குளிரும் தூறலும் விட்டபாடில்லை. துணி காய மூன்று நாள் ஆகிறது.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கோல்ட்ஃப்ராப் என்ற பிரிட்டிஷ் மின்னணு இசை இருவரின் "செவன்த் ட்ரீ" தொகுப்பை மறுபடி கேட்டதாகவும், "நம்மை ஆடவைத்தவர்கள் அலுத்துப்போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்" என்று தோன்றியதாகவும் எழுதியிருக்கிறாய். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தத் தொகுப்பின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று தெரிந்துகொண்டுதானே எழுதினாய்? பதிலையும் முழுதாகக் கேள்.

அலிசன் கோல்ட்ஃப்ராப்பும் வில் கிரெகரியும் 1999இல் லண்டனில் சேர்ந்தார்கள். வில்ட்ஷயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அங்கேயே பதிவுசெய்த முதல் தொகுப்பு 2000இல் வந்தது. "ஃபெல்ட் மவுண்டன்" என்ற அந்தத் தொகுப்பே வேகமில்லாத தொகுப்புதான். பழைய திரைப்படத்தின் பின்னணி இசைபோலப் பரந்து விரிந்தது. அதில் ஒரு பாட்டில் அலிசன் தம் குரலை கோர்க் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவிக்குள் செலுத்தி, மனிதக் குரலா கருவியா என்று பிரித்தறிய முடியாதபடி ஆக்கியிருப்பார். 2003இல் "பிளாக் செர்ரி", 2005இல் "சூப்பர்நேச்சர்" வந்த பிறகுதான் ஆட்டம், பளபளப்பு, மேடையில் குதிரைவால் கட்டிய உடை எல்லாம். நீ அவர்களைக் கேட்க ஆரம்பித்தது அந்த இரண்டிலிருந்து. அதனால் 2008 பிப்ரவரியில் "செவன்த் ட்ரீ" வந்தபோது உனக்கு அது திடீர்த் திருப்பமாகப் பட்டது. முதலிலிருந்து கேட்டவர்களுக்கு, இந்த வாசல் வீட்டில் ஏற்கெனவே இருந்தது தெரியும்.

அது வந்த நேரத்தையும் நினைத்துப் பார். "சூப்பர்நேச்சர்" பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதன் முதல் பாட்டு நான்காம் இடம். அமெரிக்காவின் கிராமி விருதுக்கு, மின்னணு நடன இசைப் பிரிவில் அந்தத் தொகுப்பின் பெயர் போனது. அதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்தால் வாங்க ஆள் காத்திருந்த நேரம் அது. அந்த நேரத்தில் டிரம் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, விரலால் மீட்டும் கிட்டாரையும் நரம்பிசைக் குழுவையும் முன்னால் கொண்டுவந்து வைப்பதை அசதி என்று எப்படிச் சொல்வாய்? அசந்தவர்கள் பழகிய வழியில்தான் போவார்கள். இன்னொன்று: "செவன்த் ட்ரீ"யும் அதே இரண்டாம் இடம் வரை ஏறியது. கேட்பவர்கள் பின்வாங்கவில்லை.

தயவுசெய்து முதல் பாட்டை ஹெட்போனில் கேள். காரில் வேண்டாம். கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. அதன்மேல் அலிசன் பாடும் சொற்கள் பாதி பிடிபடாது. வாயைச் சரியாகத் திறக்காமல், தனக்குத் தானே பாடிக்கொள்வதுபோல் பாடுகிறார். பொருளைத் தேடுவதை நீ விட்டுவிடும் நேரத்தில் வயலின்கள் பின்னாலிருந்து மெதுவாக ஏறி வருகின்றன. அந்த ஏற்றத்தில் ஓர் அவசரமும் இல்லை. நான் கோயில் திருவிழாக்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு: உரத்த பாட்டைக் கலப்பது எளிது. அடித் தாளமும் பேஸும் அறை முழுவதையும் நிரப்பிவிட்டால் குரலில் உள்ள குறை, கருவியில் உள்ள குறை எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். மெல்லிய பாட்டில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. மூச்சு இழுப்பது கேட்கும். விரல் கம்பியை உரசுவது கேட்கும். எந்த ஒலியை எங்கே வைக்கிறோம், எதை வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

அந்த வேலையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே மின்னணு இசைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒலியைப் பல நாள் திருகித் திருகிக் கேட்டவர்களின் காது அது. தொகுப்பின் தயாரிப்பில் கைகொடுத்த ஃப்ளட் யார்? மின்னணு இசைக்குப் பேர்போன டிபேஷ் மோட் குழுவின் "வயலேட்டர்" தொகுப்பைத் தயாரித்தவர். வில் கிரெகரியோ மூக் சிந்தசைசர்களை மட்டும் வைத்து ஒரு குழுவே நடத்துகிறவர். இப்படிப்பட்டவர்கள் கிட்டாரைக் கையில் எடுத்தால் சிந்தசைசரை வீசிவிட்டா வருவார்கள்? கவனித்துக் கேள், அது எங்கும் போகவில்லை. நரம்பிசைக்குக் கீழே, குரலுக்குப் பின்னே, மங்கலாக இருந்துகொண்டுதான் இருக்கிறது. முன்னால் நின்றதைப் பின்னால் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

"நாட்டுப்புற இசை என்கிறார்கள், அதில் ஒரு நாட்டுப்புறப் பாட்டாவது உண்டா?" என்றும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. கிராமத்துப் பாட்டைத் தேடிப் பிடித்து அவர்கள் பாடவில்லைதான். எடுத்துக்கொண்டது அதன் சாயலை. அந்தச் சாயலில் எனக்கு மிகவும் பிடித்தது, இனிமையான மெட்டில் கனமான சங்கதியைச் சொல்லும் துணிச்சல். முதலில் தனிப்பாட்டாக வெளிவந்த "ஏ அண்ட் இ"யை எடுத்துக்கொள். காலை வெயில்போல ஒரு மெட்டு. பாடுகிற பெண்ணோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுப் படுக்கையில் கண் விழிக்கிறாள். மெட்டு அழவே இல்லை. நம் தாலாட்டும் இப்படித்தானே? பிள்ளை தூங்கட்டும் என்று பாடத் தொடங்குகிறவள் நாத்தனார் செய்ததையும் பிறந்த வீட்டில் சீர் குறைந்ததையும் பாடி முடிப்பாள். பிள்ளை தூங்கிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பவர்களுக்குத்தான் தூக்கம் போகும். உன் பாட்டி பாடி நாம் இருவரும் கேட்டிருக்கிறோம்.

சரி, அசந்துபோய் உட்கார்ந்தவர்கள் பிறகு எழுந்திருக்க மாட்டார்கள் அல்லவா? இவர்கள் 2010இல் "ஹெட் ஃபர்ஸ்ட்" என்று மறுபடி சிந்தசைசர் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2013இல் "டேல்ஸ் ஆஃப் அஸ்" தொகுப்பில் இன்னும் ஆழமாக அடங்கினார்கள். பத்துப் பாட்டில் ஒன்பதுக்கு மனிதர்களின் பெயரே தலைப்பு. ஒவ்வொன்றும் ஒருவரின் கதை. என்னைக் கேட்டால் அதுதான் அவர்கள் செய்ததிலேயே ஆகச் சிறந்தது. "செவன்த் ட்ரீ" இல்லாமல் அது வந்திருக்காது. 2023இல் அலிசன் தனியாக வெளியிட்ட தொகுப்போ முழுக்க நடன இசை. எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. எவ்ரிதிங் பட் த கேர்ள் என்ற இன்னொரு பிரிட்டிஷ் இருவர் குழு அடங்கிய கிட்டார்ப் பாட்டுகளில் தொடங்கினார்கள். 1995இல் டாட் டெர்ரி என்ற அமெரிக்க டிஜே அவர்கள் பாட்டொன்றை நடன இசையாக மாற்றிக் கொடுத்த பிறகு மின்னணுப் பக்கம் போனார்கள். அதை யாரும் இளமை திரும்பியது என்று எழுதவில்லை. மெல்லப் போகிறவர்களுக்கு மட்டும் ஏன் முதுமைப் பட்டம் கட்டுகிறோம்?

இவ்வளவு சூடாக நான் எழுதுவதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. என் மகள் வார இறுதிகளில் கடற்கரை விடுதி ஒன்றில் கீபோர்டு வாசிப்பது உனக்குத் தெரியும். டிரம் மெஷினில் ஓடும், நம் தீவின் ஆட்டப் பாட்டான சேகா, விருந்தாளிகள் ஆட வேண்டிய வேகம். இந்த வருடம் அவளும் அவள் தோழர்களும் டிரம் மெஷினை நிறுத்திவிட்டு, ஆட்டுத்தோல் கட்டிய கைப்பறையான ரவானை வைத்து மெதுவாகப் பாட விரும்பினார்கள். விடுதிக்காரர் மறுத்துவிட்டார். "சோர்வாக இருக்கிறது" என்றாராம். நீ எழுதியதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், பார்.

இத்தனைக்கும் சேகாவின் வேர் அதுதான். 1964இல் லெ மோர்ன் மலையடியில் நடந்த சேகா இரவில் பாடகர் தி ஃப்ரேருக்கு சேகா மன்னர் பட்டம் சூட்டியபோது கீபோர்டா இருந்தது? 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் ரவானும், விதை போட்டுக் குலுக்கும் மரவானும், முக்கோணக் கம்பியும் சேர்ந்த அந்தப் பழைய சேகாதான்.

மகளின் பதிவு எங்கள் பின்கட்டில் நடந்தது. ரவான் வாசிக்கும் பையன் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, ஆட்டுத்தோலை நெருப்புக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினான். ஓரத்தைத்தான் முதலில் சூடாக்க வேண்டுமாம். நடுவில் சூடு அதிகமானால் தோல் கிழிந்துவிடும். நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தான். ஈரத்தில் தொய்ந்து 'தொப்' என்று இருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி 'திண்' என்று எழுந்தது. இந்தக் குளிரில் அது நெடுநேரம் நிற்காது. இரண்டு பாட்டுக்குள் மறுபடி நெருப்புக்குப் போக வேண்டும். என் மகள் செய்ததைக் கேள்: கருவியைக் கீபோர்டின் சுருதிக்கு இழுக்காமல், தோல் அப்போது எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதைக் கணினியில் பார்த்து, சிந்தசைசரின் ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை அதற்கு இறக்கி வைத்தாள். தோல் ஆற ஆறச் சுருதி இறங்கியது. அவளும் குமிழைத் திருகிக்கொண்டே கூட இறங்கினாள். ஓலை எரியும் சடசடப்பையும் பதிவுசெய்து பாட்டின் அடியில் வைத்திருக்கிறாள். விடுதியில் தாளம் பிசகாமல் வாசிக்கப் பழகிய காது அவளுக்கு இல்லாவிட்டால் இது தோன்றியிருக்காது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் லாபெல் என்ற இசைக்கலைஞர் அந்தத் தீவின் மரபிசையான மலோயாவை மின்னணு இசையோடு சேர்ப்பதைப் பற்றி நீயே ஒருமுறை எனக்கு எழுதினாய். அவர் ஒரு கரையிலிருந்து வருகிறார், இவள் மறு கரையிலிருந்து வருகிறாள்.

உன் ஊர் டர்பன் இளைஞர்களின் கோம் என்ற மின்னணு நடன இசையை நான் குறைத்துச் சொல்வதாக எண்ணாதே. நீ அனுப்பியவற்றை ஆசையோடு கேட்டேன். அதிலும் தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சியதை வைத்தே கட்டியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேகம் மட்டும்தான் வேறு.

இப்போது இரண்டு வேண்டுகோள். ஒன்று, "சூப்பர்நேச்சர்", "செவன்த் ட்ரீ", "டேல்ஸ் ஆஃப் அஸ்" மூன்றையும் இதே வரிசையில், ஒரே மாலையில் கேட்டுவிட்டு எழுது. அதன் பிறகும் சாய்வு நாற்காலி என்றே சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் காரணத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு, நாம் ரோஸ் ஹில்லில் குழு வைத்திருந்தபோது நீ வாங்கிய நான்கு தட டேப் ரெக்கார்டர் இன்னும் இருக்கிறதா? விற்றிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். உன் மைத்துனர் தைப்பூசக் காவடிக்கு வரும்போது கொடுத்து அனுப்பு. மகள் அடுத்த பாட்டை டேப்பில் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அனுப்பும் செலவு என்னுடையது. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பெல்ட் மாற்றி நான் ஓடவைக்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். அம்மா உனக்குத் தனியாக ஆசி சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் ரோஸ் ஹில் நண்பன்