ஈட்டிப் பறவைக்கு இரண்டே வரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அழிந்துபோன பறவைகள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் 'கிரேட் ஆக்' பறவைக்கு இரண்டே வரிதான். அதன் ஐஸ்லாந்துப் பெயரையாவது போட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம். அங்கே அது 'கெயிர்ஃபுக்ல்'. பழைய நார்ஸ் மொழியில் 'கெயிர்' என்றால் ஈட்டி, 'ஃபுக்ல்' என்றால் பறவை. அதன் பெரிய அலகைப் பார்த்து வைத்த பெயர் என்பதுதான் வழக்கமான விளக்கம். கெயிர் இன்றும் அங்கே ஆண்களுக்கு வைக்கும் பெயர். 2008 நிதி நெருக்கடியின்போது பிரதமராக இருந்தவரே கெயிர் ஹார்டெ!

பறக்க முடியாத இந்தப் பறவைகள் முட்டையிட்ட பாறைத் தீவையும் அதன் பெயராலேயே அழைத்தார்கள். 1830 வாக்கில் எரிமலைச் சீற்றத்தில் அந்தப் பாறை கடலில் மூழ்கியது. மிஞ்சியவை எல்டே தீவில் ஒதுங்கின. 1844 ஜூனில் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக அங்கிருந்த ஒரு ஜோடியைக் கொன்றார்கள். ஐஸ்லாந்தில் அதற்கப்புறம் அந்த இனமே இல்லை. எவ்வளவு கொடுமை!

'பென்குவின்' என்ற பெயரும் முதலில் இதற்குத்தான் இருந்தது. தென்கடலில் கண்ட வேறொரு பறவைக்கு மாலுமிகள் பின்னாளில் அதைச் சூட்டிவிட்டார்கள். இந்தப் பறவைக்கென்றே ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தென்காசி