ஸ்கிரீனுக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள்

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. அதில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய நிரல்கள் நேரடியாக ஓடாது. அதனால் மண்டிகளிலும் ஜவுளி மொத்தக் கடைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ என்ற டாஸ் காலத்து மொழிகளில் எழுதிய பில்லிங் நிரல்களை இணையத்துக்கு மாற்றும் வேலை அவசர அவசரமாக நடக்கிறது. "ஒரு ஸ்கிரீனுக்கு இவ்வளவு" என்றுதான் பெரும்பாலும் விலை பேசுகிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரிவது விவரம் நிரப்பும் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது: பார்ட்டியின் கடன் வரம்பு தாண்டிவிட்டதா, சரக்கு இருக்கிறதா, எந்த ஜிஎஸ்டி விகிதம். இவை தனியாக எங்கும் எழுதப்படவில்லை; கட்டத்தைத் திரையில் போடும் நிரல் வரியிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. திரையைப் பார்த்து வலைப்பக்கம் வரைபவர் கண்ணில் அவை படாது. வேலைக்கு விலை சொல்லும் முன்பே மூல நிரலை (சோர்ஸ் கோடு) வரி வரியாகப் படித்து, விதிகளைப் பட்டியல் போட்டாக வேண்டும்.

அடுத்தது விசைப்பலகை. தேர்ந்த ஆபரேட்டர் திரையைப் பார்ப்பதே இல்லை. எண்டர், எண்டர் என்று போய்க்கொண்டே இருப்பார். உலாவியில் எண்டர் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் படிவமே போய்ச் சேர்ந்துவிடும். எஃப் 5 பக்கத்தைப் புதுப்பித்து, பாதி அடித்த பில்லை அழித்துவிடும். இவற்றை நிரலில் தடுத்து மாற்றலாம். கிளிப்பரில் சேமித்து வெளியேறும் கன்ட்ரோல்-டபிள்யூ அப்படியல்ல. உலாவியில் அது டேப்பையே மூடும், அதைத் தன் வசப்படுத்த வலைப்பக்கத்துக்கு அனுமதி கிடையாது. அந்த வேலைக்கு வேறு விசையைக் கொடுத்து, ஆட்களைப் பழக்க வேண்டும். ஐட்டம் பெயரை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டால் அந்த இடைவெளியில் அடித்த எழுத்துகள் தொலைந்துபோகும், அல்லது தவறான கட்டத்தில் விழும். சில ஆயிரம் ஐட்டங்கள் கொண்ட பட்டியல் சில நூறு கிலோபைட்தான். காலையில் ஒருமுறை உலாவிக்குள் இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

எனக்குப் பெரிய கவலை பில் எண். ஜிஎஸ்டி விதி 46-இன்படி அது தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் இரட்டிக்காமல் இருக்க வேண்டும். பழைய நிரல் கோப்பைப் பூட்டி, கடைசி எண்ணோடு ஒன்று கூட்டியது. அதே கணக்கைப் பூட்டு இல்லாமல் இணையத்தில் எழுதினால், ஒரே நொடியில் சேமிக்கும் இருவருக்கு ஒரே எண் விழும். டேட்டாபேஸின் தானியங்கி எண்ணை நம்பினால், சேமிப்பு பாதியில் முறியும்போதெல்லாம் ஓர் எண் விடுபட்டுப் போகும். எண்ணுக்கென்று தனி அட்டவணை வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் (முழுதாக முடியும், இல்லையென்றால் முழுதாக ரத்தாகும்) அந்த அட்டவணையின் வரியைப் பூட்டி எண் எடுப்பதே சரி. நெட் மெதுவாக இருக்கிறதென்று ஆபரேட்டர் 'சேமி'யை இருமுறை தட்டுவார். திரை திறக்கும்போதே ஓர் அடையாளக் குறியீடு கொடுத்து, அதே குறியீடு மறுபடி வந்தால் சர்வர் ஏற்க மறுக்க வேண்டும்.

பழைய தரவைக் கொண்டுவருவதும் லேசல்ல. பழைய நிரல் தரவை வைத்திருக்கும் டிபிஎஃப் கோப்பில் அழித்த பதிவு அழிவதில்லை. முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் மொத்தமாக இறக்கினால், என்றோ ரத்தான பில்கள் உயிர்பெற்று லெட்ஜர் இடிக்கும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்த இடங்களில் 2004 என்பது 1904 ஆகியிருக்கலாம். பைசாவை ஜாவாஸ்கிரிப்டின் தசம எண்ணில் கூட்டக் கூடாது, 0.1-உம் 0.2-உம் அங்கே சரியாக 0.3 ஆவதில்லை. முழுப் பைசாவாக வைத்துக் கணக்கிடலாம். ஒவ்வொரு பார்ட்டியின் பாக்கியும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும்வரை பழைய நிரலை நிறுத்த வேண்டாம்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பழைய நிரல் வெறும் எழுத்தை அனுப்பியது. உலாவி அதையே படமாக அனுப்பும்; வேகம் குறையும், கட்டங்கள் முன்பே அச்சடித்த பில் தாளில் வரிகள் தள்ளி விழும். கணினி தோறும் ஒரு சிறு நிரல் நிறுவி, சர்வர் தரும் எழுத்தை நேரே பிரிண்டருக்குக் கொடுத்தால் இது தீரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிளிப்பர் மூல நிரல் கையில் இருந்தால், மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றித் தரும் ஹார்பர் என்ற இலவச கம்பைலர் மூலம் பெரிய மாற்றமின்றி இன்றைய விண்டோஸிலேயே ஓடவைக்கலாம். அந்த அவகாசத்தில் இருப்பு, பாக்கி, விற்பனை அறிக்கைகளை மட்டும் முதலில் இணையத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலாளிக்குக் கைப்பேசியில் வேண்டியது பெரும்பாலும் அவைதான். பில் போடும் திரையைக் கடைசியில் தொடுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பும் சேர்த்து ஒரு முழு மாதம் இரண்டு நிரல்களும் இணையாக ஓட வேண்டும் என்பதைப் பணி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்.

– மென்பொருள் பராமரிப்பாளர், ஈரோடு