அக்காவுக்கு: அந்த மேல் அறையை எனக்காக வைத்திருக்க வேண்டாம்

அக்கா,

வீட்டு ஒப்பந்தத்தை நேற்று புதுப்பித்துவிட்டேன். போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அம்மாவின் முதல் நினைவு நாள் நெருங்குகிற சமயத்தில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால் நீ அந்த மேல் அறைக்கு வண்ணம் அடித்து, திரைச்சீலையும் மாட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்கு நான் குடிவரவில்லை.

நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. நேரில் என்றால் நீ பேசுவாய், நான் தலையாட்டுவேன், கடைசியில் என் பெட்டி உன் காரில் இருக்கும். மருத்துவமனை நாட்களைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் இங்கே ஒரு வரி இருக்காது. அத்தான் படித்தால் அவருக்கும் சொல்கிறேன், இது உங்கள் வீட்டைக் குறை சொல்லும் கடிதம் இல்லை. முழுக்க இல்லை.

நீ காரை நிறுத்த இடம் தேடி மூன்று தெரு சுற்றிவிட்டு, மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, “இந்தச் சந்தடியில் மனிதன் இருப்பானா” என்று கேட்பாயே, அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. சந்தடி உண்மைதான். வெள்ளிக்கிழமை இரவு கீழே கத்துகிறார்கள். விடியுமுன் லாரியில் சரக்கு இறக்குகிறார்கள். நடக்க வசதியான இடம் என்று பெயர் வாங்கிய பேட்டையில் வாடகை ஏறாமல் இருக்காது, ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கீழே இருந்த தையல்காரர் கடையைக் காலி செய்துவிட்டார். லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு இந்த மாடிப்படி ஆகாது என்று நீ சொன்னது சரி. அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னேன்.

ஆனால் அந்த மதியத்தை நீ வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறாய்.

அம்மாவை அழைத்துப் போக நீ வந்த நாள். மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கியவள் வரவில்லை. போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். உன் முகம் வெளுத்துப்போயிற்று. இரண்டு பேரும் ஓடினோம். மருந்துக்கடைப் பையன், “இப்போதுதான் போனாங்க, நூலகம் பக்கம்” என்றான். நூலக வாசலில் செருப்பு தைப்பவர், படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போனார் என்றார். தபால் நிலைய மூலையில் பழக்கடைக்காரம்மா நாம் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிப் பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். அங்கே நிழலில், யாரோ ஒரு பெண்ணிடம் கண் அறுவை சிகிச்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் அம்மா. நம்மைப் பார்த்ததும் சிரித்தாள்.

நீ திட்டினாய். எல்லோர் முன்னாலும். அம்மா பதில் பேசவில்லை. எழுந்து நமக்கு முன்னால் வேகமாக நடந்து போனாள், அந்த முழங்காலோடு. நான் உன்னைத் தடுக்கவில்லை, அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

அம்மாவை இங்கே விடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு மணி நேரமே போதும் உனக்கு. எனக்கோ, அவள் எங்கே போனாள் என்று வழிநெடுக எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் இன்றுவரை நிற்கிறது. அவர்களை யாரும் காவலுக்கு வைக்கவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். தெருவைப் பத்திரமாக வைத்திருப்பது போலீஸ் மட்டுமில்லை, கடைக்காரர்களும் ஜன்னலோர ஆட்களும் போகிற வருகிறவர்களும்தான் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே தன் புத்தகத்தில் எழுதினார். இதை நான் சொன்னபோது, “புத்தகத்தை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியாது” என்றாய். நல்ல பதில்தான். எனக்கு அப்போது திருப்பிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

இப்போது தோன்றுகிறது. உன் வீட்டில் அம்மாவுக்கு எந்தக் குறையும் இல்லை. தோட்டம், தனி அறை, மாடிப்படி ஏற வேண்டாம். மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்றால் உன்னிடம் கேட்க வேண்டும். நீ ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும். கேட்கப் பிடிக்காமல் அவள் மெதுமெதுவாகப் போவதையே நிறுத்திவிட்டாள், அது உனக்குத் தெரியுமா? வாழ்நாளில் கார் ஓட்டாதவள் அவள்.

வீட்டு முன்னால் அந்த அகலச் சாலை வேறு. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கைப் பல நாடுகளில் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களை அளந்து பார்த்தபோது பெரும்பாலோரால் அந்த வேகத்தில் நடக்கவே முடியவில்லை. அம்மா ஒருமுறை நடுச்சாலையில் மாட்டிக்கொண்டு நின்றாளே, நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்று ஒருவர், சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைவான தெருவில் ஆளுக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். வண்டி அதிகமான தெருவில் ஒருவர்கூட முழுசாகத் தேறவில்லை, 0.9. அந்த மனிதர் 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதிச் செத்துப்போனார். இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன்? “அங்கே அம்மாவிடம் பேச ஒரு ஆள்கூட வரவில்லை” என்று நீயே ஒருநாள் அழுதாய். அது உன் தப்பு என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். உன்மேல் கோபமாக இருந்தேன், சொல்லவில்லை.

அம்மா வரைந்த அந்தத் தாளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஸ்பெயினில் பொன்டெவெத்ரா என்று ஒரு நடுத்தர ஊர், 80,000 பேர் சுமார். 1999இல் வந்த மேயர் ஊர் நடுவிலிருந்து பெரும்பாலான வண்டிகளை வெளியேற்றினார். அப்புறம் மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே ஒன்று போட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று குறித்தார்கள். அதை அம்மாவிடம் காட்டினேன். அடுத்த நாளே காலண்டர் தாளின் பின்பக்கம் அவளுக்கென்று ஒன்று வரைந்துவிட்டாள். நிமிடங்கள் எல்லாம் அவள் நடையின் நிமிடங்கள், வழியில் எங்கெங்கே உட்காரலாம் என்று புள்ளி வைத்து. அவள் கைப்பையில்தான் அது இருந்தது. கைப்பை உன்னிடம் இருக்கிறது. கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்கிறாய். சரி.

மன்னித்துவிடு என்று ஒருமுறை எழுதி அழித்தேன். அறை கட்டும்போதே என்னையும் கணக்கில் வைத்துத்தான் கட்டினாய். இனி நமக்கு நாம்தான் என்று நீ சொன்னது நிஜம். அதற்கு நான் “வரமாட்டேன்” என்று பதில் சொல்வது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் நாளைக்கு எனக்கும் கண் மங்கும், முழங்கால் போகும். அப்போது வாசலில் இறங்கினால் என்னைத் தெரிந்த நாலு பேர் இருக்க வேண்டும். அதற்கு இப்போதிருந்தே இங்கே இருந்தாக வேண்டும். தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகும் என்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன்.

மேல் அறையை வாடகைக்கு விடு, அல்லது அத்தான் புத்தகங்களை ஏற்றிக்கொள்ளட்டும். நினைவு நாளுக்கு நான் முந்தின இரவே வந்துவிடுவேன், கடைசிப் பேருந்தில். நிறுத்தத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு வராதே என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அங்கே நடைபாதை இல்லை, வா.

அடுத்த மாதம் நீ இங்கே வருவதானால் ஞாயிறு காலை வா. அன்றைக்கு எங்கள் தெருவில் வண்டி விடமாட்டார்கள். பழக்கடைக்காரம்மா இன்னும் உன்னை விசாரிக்கிறார், “அன்றைக்கு அழுதுகொண்டே ஓடிவந்த பெரிய பொண்ணு எப்படி இருக்கு” என்று. நீ அழுதாய் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.