வாட் கணக்கை மேல்பக்கம் போடுங்கள்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பொருளை வாங்க வருபவர் அட்டைப்பெட்டியில் பார்ப்பது இரண்டைத்தான்: எத்தனை சாக்கெட், எத்தனை மீட்டர் வயர். நீங்களும் அவற்றைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். மொத்தமாக எத்தனை வாட் தாங்கும் என்பது மட்டும் பாக்ஸின் அடிப்பக்கத்தில், வெள்ளை பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவே புடைத்து நிற்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். சுவரில் மாட்டிய பிறகு அதற்கும் வழியில்லை.

அந்த எண்ணை மேல்பக்கம், சாக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆம்பியரில் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். ஹீட்டரில் 2000 வாட் என்று இருக்கிறது, பாக்ஸில் 10 ஆம்பியர் என்று இருக்கிறது. இரண்டும் பொருந்துமா என்று பார்க்க வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் வரும் வீட்டில் அந்த ஹீட்டர் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். 120 வோல்ட் வீட்டிலோ 1500 வாட் ஹீட்டரே 12.5 ஆம்பியர் இழுத்துவிடும். அவசரமாகக் கெட்டிலைச் செருகப் போகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாரா?

ஆறு சாக்கெட் கொடுத்தால் ஆறிலும் எதை வேண்டுமானாலும் செருகலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போன் சார்ஜர், மேசை விளக்கு, ரவுட்டர் என்றால் பிரச்சினையே இல்லை. எல்லாம் சேர்ந்தாலும் 100 வாட்டை எட்டுவதே அபூர்வம். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஓடினால் 3000 வாட் ஆகிவிடலாம். அத்தனையும் போவது அந்த ஒற்றை வயர் வழியாகத்தான். மைக்ரோவேவ் அவனில் இன்னொரு குழப்பம். அதன் முகப்பில் இருக்கும் 800 வாட் என்பது உணவுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1200 வாட் அளவுக்கு வரும். எந்த எண்ணைக் கூட்ட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

வயருக்கு வருகிறேன். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 0.26 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் அந்த வயரே 26 வாட் வெப்பத்தைக் கக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் அதில் பாதிதான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் நீட்டிக் கிடக்கும் வயரில் இந்த 26 வாட் காற்றோடு போய்விடும், கைக்கு லேசான சூடு தெரியும், அவ்வளவுதான். அதே வயரை அழகாகச் சுருட்டி, நீங்களே தரும் கட்டுக்கம்பியால் கட்டி, சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். சாதாரண பி.வி.சி. உறை பெரும்பாலும் 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். உருளையில் சுற்றி வரும் நீளக் கேபிள்கள் பலவற்றில் முழுதாக அவிழ்த்தால் இத்தனை வாட், சுற்றியபடி இருந்தால் இத்தனை வாட் என்று இரண்டு எண்களைப் போடுகிறார்கள். இரண்டாவது எண் முதலாவதில் மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கும். அங்கே முடிகிறது என்றால் சின்ன பாக்ஸிலும் முடியும்.

செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைப் போட்டு விற்பவர்களும் உங்களில் உண்டு. அதே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வெளியே தெரிவது செம்பு நிறம்தான் என்பதால் வாங்குபவருக்குக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. போடுவதென்றால் பெட்டியில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

ஆனால், கருகிய பாக்ஸைத் திறந்து பார்த்தால் பல நேரம் வயர் நன்றாகவே இருக்கும். ஒரு சாக்கெட் துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். உள்ளே அந்தப் பித்தளைத் தகடு கறுத்து, பிடிப்பு விட்டு, பிளக்கின் பின் உரசாமலேயே போய் வரும் அளவுக்கு விரிந்திருக்கும். இல்லையென்றால் வயரை இணைக்கும் திருகில் பாதி இழைகள்தான் சிக்கியிருக்கும்; மீதி வெளியே பிசிறாக நிற்கும். அந்த இடத்தில் 0.1 ஓம் கூடினாலே 10 ஆம்பியருக்கு 10 வாட், விரல் நுனி அளவு இடத்தில். சூட்டில் தகடு ஆக்சிஜனேறும், தடை கூடும், சூடு இன்னும் கூடும். மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் வீட்டு மின்பெட்டி சுவிட்சான எம்.சி.பி.யால் இதைப் பிடிக்க முடியாது. ஓடுகிற மின்னோட்டம் வழக்கமான அளவுதானே, அது எதற்கு டிரிப் ஆகும்? 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் போகும் வயரைக் காப்பதற்கு. வெளியே தொங்கும் மெல்லிய வயர் அதன் கணக்கிலேயே வராது. பிரிட்டனின் பி.எஸ். 1363 வகை பிளக்கில் வயருக்கு ஏற்றபடி 3 ஆம்பியரோ 13 ஆம்பியரோ உள்ள ஃபியூஸைப் பிளக்குக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அந்த ஏற்பாடு 1947-இலிருந்து இருக்கிறது. அதனாலும் தளர்ந்த தகட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே தகடு நல்ல பிடிப்போடு இருக்கட்டும், இழைகள் முழுதாகத் திருகுக்குள் போகட்டும், அளவுக்கு மீறினால் தானாக அணையும் பட்டன் விலை குறைந்த பாக்ஸிலும் இருக்கட்டும். 'சர்ஜ் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் போடும்போது, அது திடீர் வோல்ட் ஏற்றத்துக்கான காப்பு, கூடுதல் சுமையைத் தாங்குவதற்கு அல்ல என்றும் ஒரு வரி சேருங்கள். பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்து தைரியமாக ஹீட்டரைச் செருகுகிறவர்கள் நிறையப் பேர்.

ஏசி, ஃபிரிட்ஜ் போன்ற கம்ப்ரஸர் சாதனங்கள் ஓடத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். நீளமான மெல்லிய வயரில் அப்போது வோல்ட் சரிந்து, மோட்டார் கிளம்பவே திணறும். ஏசி, ஹீட்டர், கீசர் ஆகியவற்றின் படங்களைப் போட்டு மேலே ஒரு சிவப்புக் கோடு கிழித்தால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பெரிய பின்னைச் சிறிய சாக்கெட்டுக்கு மாற்றும் கன்வெர்ட்டரையும், எர்த் இல்லாத இரண்டு பின் வயரில் மூன்று பின் சாக்கெட் வைப்பதையும் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். இப்போதைக்கு இவ்வளவு சொல்கிறேன்: பின்னின் அளவு வேறாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தாண்டிப்போக நீங்களே வழி செய்து கொடுக்காதீர்கள்.

அச்சை மாற்ற நாளாகும் என்பீர்கள். சரி, அதுவரை பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்:

"சூடாக்கும் சாதனங்களையும் ஏசியையும் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். வேறு வழியே இல்லாமல் இந்த பாக்ஸில் கெட்டிலோ அயர்ன் பாக்ஸோ செருகினால், அதன் வாட் இதில் உள்ள எண்ணுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் வேறெதையும் செருகாதீர்கள். வயரை முழுதாக அவிழ்த்து நீட்டுங்கள். விரிப்புக்கு அடியிலோ கதவிடுக்கிலோ போடாதீர்கள். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டாலும், கருகிய வாடை வந்தாலும், பின் தளர்வாக ஆடினாலும் இதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். எங்களிடம் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்."

கடைசி வரியைப் போட உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். அதை வெட்டிவிட்டு மற்றதையாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாக்ஸ்களை வாங்கிப் பயன்படுத்தும் ஒருவர்