ஞாயிறு எண் வகுப்பு: எங்கள் தெரு நலச்சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் மற்ற வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை எண் வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் மனதார உழைத்தது அதற்குத்தான்.

போன ஆண்டுவிழாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேடையேறி ஒன்றிலிருந்து நூறு வரை தடங்கலில்லாமல் சொன்னாள். எல்லோரும் கைதட்டினோம். அப்புறம் பந்தி நேரத்தில் நான் அவளைக் கூப்பிட்டு, “ஏழு டம்ளர் எடுத்துட்டு வா கண்ணு” என்றேன். கைகொள்ளுமட்டும் அள்ளி வந்தாள். எண்ணச் சொன்னால் வாய் முன்னே ஓடுகிறது, விரல் பின்னே வருகிறது. ஒரே டம்ளரை இரண்டு முறை தொட்டாள். “பதினொண்ணு” என்று முடித்தாள். “சரி, மொத்தம் எத்தனை?” என்றேன். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நூறு வரை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஏழு தெரியவில்லையே என்று அன்று இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. வகுப்பு அங்கிருந்துதான் பிறந்தது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்குத் துணையாக, வாரத்தில் இரண்டு மணி நேரம் கையால் எண்ணிப் பழக ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நம் நோக்கம்.

தொடக்கத்தில் நான் தவறு செய்தேன். வண்ணப் பயிற்சித்தாள்களை நகலெடுத்துக் கொடுத்து, கடிகாரம் வைத்து, யார் முதலில் முடிப்பது என்று போட்டி நடத்தினேன். வேகமான பிள்ளைகள் குதித்தார்கள். மெதுவாக யோசிக்கும் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் போய் மறுபடி அழைத்து வந்தோம். அதன்பிறகு வகுப்பில் கடிகாரம் கிடையாது.

பயிற்சித்தாளின் இடத்துக்குப் பல்லாங்குழி வந்தது. பக்கத்துக்கு 7, மொத்தம் 14 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை. ஆடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தால் பசு போய்விடும். அதனால் நான்கைப் பார்த்தவுடன் நான்கு என்று சொல்லக் கண் பழகிவிடுகிறது. ஒரு குழியை அள்ளும்போதே இது எந்தக் குழியில் தீரும் என்று பிள்ளைகள் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்தப் பழக்கத்தை எந்தத் தாளாலும் எங்களால் கொண்டுவர முடியவில்லை.

அடுத்து தாயம். ஒரு கட்டையில் 1, இன்னொன்றில் 3 விழுந்தாலும் நான்கு, இரண்டிலும் 2 விழுந்தாலும் நான்கு. எண்ணை உடைக்கலாம், சேர்க்கலாம் என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். வெறும் பக்கம் இரண்டும் விழுந்தால் பன்னிரண்டு என்றதும் ஒரு பையன் எழுந்து, “ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லீங்க, அப்புறம் எப்படிப் பன்னண்டு?” என்று கேட்டான். அது ஆட்டத்துக்கு நாம் வைத்துக்கொண்ட விதி, கணக்கில் ஒன்றுமில்லாததைக் கூட்டினால் ஒன்றுமில்லைதான் என்று அவனிடம் சொன்னோம். இந்த ஆண்டு வகுப்பில் எழுந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எண்களின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. தொண்ணூற்றைந்து எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை 105 என்று எழுதினாள். அவள் காதில் விழுந்தது நூற்றைந்துதான்! தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. திட்டித் தீர்கிற விஷயமா இது? விளக்கமாற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்தோம். ஒன்பது கட்டும் ஐந்து குச்சியும் கையில் வாங்கிப் பார்த்தவள், தானே 105-ஐ அழித்து 95 என்று திருத்தினாள்.

நம் பகுதியில் பாதி வீடுகள் வெள்ளிப் பட்டறையை நம்பி இருப்பவை. பட்டறைச் சாமான்களில் பிள்ளைகள் கை வைக்க வேண்டாம். ஆனால் அம்மா காலில் உள்ள கொலுசின் சலங்கைகளை எண்ணலாமே என்று சொல்லியனுப்பினோம். அடுத்த வாரம் ஆளுக்கொரு விடையோடு வந்தார்கள். வட்டமாக இருப்பதை எண்ணும்போது எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகிறது. தொடங்கும் சலங்கையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு எண்ணலாம் என்று வழி கண்டுபிடித்தது மூன்றாம் வகுப்புப் பெண்.

தை மாதம் ஏற்காடு போனோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது தாண்டியதும் “இன்னும் எத்தனை?” என்று கேட்டேன். பலர் விரல் விட்டார்கள். ஒருத்தி மட்டும், “ரெண்டு போனா பத்து, அப்புறம் ஒரு பத்து, பன்னண்டு” என்றாள். மேடையில் நூறு வரை சொன்ன அதே பிள்ளை. இறங்கும்போது இன்னொன்று கிடைத்தது: ஏறும்போது ஆறாவதாக வந்த வளைவு இறங்கும்போது பதினைந்தாவது. எந்த வளைவை எடுத்தாலும் இரண்டு எண்ணும் சேர்ந்து 21 வருகிறது என்று மறுவாரம் கரும்பலகையில் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு வழியில் வாந்தி. அடுத்த முறை எலுமிச்சம்பழமும் கவரும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

“விளையாடறதுக்கா அனுப்பறோம்?” என்று கேட்ட பெற்றோர் உண்டு. அவர்களை ஒரு ஞாயிறு வந்து உட்காரச் சொல்லுங்கள். நானும் கூட உட்காருகிறேன்.

வாரம் தவறாமல் வந்து சொல்லிக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், அறைச் சாவியைத் தந்து உதவியவர்களுக்கும் நன்றி. பல்லாங்குழிப் பலகை இன்னும் நான்கு வேண்டும். பழையது பரணில் கிடந்தால் கொடுங்கள். இப்போது புளி உடைக்கும் காலம். கொட்டையை வெளியே கொட்டிவிடாமல், கழுவிக் காயவைத்து, சங்க அறை வாசலில் உள்ள டப்பாவில் போடுங்கள்.