அக்காவின் ஏழு நாள் இடைவெளி

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி மாற்றும் வேலை, நடுவில் பேத்திக்குக் காய்ச்சல், போதாததற்கு என் முழங்கால். கோபித்துக்கொள்ளாதே.

பெரியக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று படித்த அன்று சோறு இறங்கவில்லை. ஹாஸ்டல் லீவில் உங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கென்று ஒரு டப்பா முறுக்கு ஒளித்து வைத்திருப்பாரே! நீ எழுதியிருந்தாய்: "21 நாள் மாத்திரை, அப்புறம் 7 நாள் ஒன்றுமில்லை. அந்த ஏழு நாளில் கட்டி வளராதா? டாக்டர் எதையாவது மறைக்கிறாரா?" மறைக்கவில்லை. நான் டாக்டர் இல்லைதான், ஆனால் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள். இந்த ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

வெங்காய வேர் நுனி பிராக்டிகல் ஞாபகமிருக்கிறதா? அசிட்டோகார்மைன் சாயம் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நீ அழுத்திய அழுத்தில் கவர் ஸ்லிப் நாலு துண்டானது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலான செல்கள் சும்மா இருக்கும், அங்கொன்று இங்கொன்றுதான் பிரிந்துகொண்டிருக்கும். "இப்போது பிரி" என்று அதற்கு யார் சொன்னது? நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குறை சொல்லவும் முடியாது, அதை அப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபம் டூரில் கடல் முள்ளெலி பிடித்து பார்மலின் பாட்டிலில் போட்டோமே, நாம் டிகிரி முடித்த 1982 கோடையில் ஒரு வகைக் கடல் முள்ளெலியின் முட்டைகளோடுதான் டிம் ஹன்ட் என்கிற ஆங்கிலேயர் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலோர ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கருவுற்ற முட்டையில் என்னென்ன புரதம் உண்டாகிறது என்று சில நிமிஷத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு புரதமும் பிலிமில் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். எல்லாப் பட்டையும் நேரமாக ஆகக் கறுத்துக்கொண்டே போனது. ஒன்று மட்டும் கறுத்து, முட்டை பிரியும் சமயத்தில் மங்கி மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. அதுதான் சைக்ளின்.

அதற்குச் சில வருஷம் முன்பு எடின்பரோவில் பால் நர்ஸ், ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து எடுத்த ஒரு வகை ஈஸ்ட்டில், சீக்கிரமே பிரிந்து குட்டையாகப் போகும் ரகங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் பூஞ்சை படிந்துவிட, வெறுத்துப்போய்க் குப்பையில் போட்டார். வீட்டுக்குப் போன பிறகு மனசு உறுத்த, திரும்பி வந்து பொறுக்கி எடுத்தார். அந்தத் தட்டுதான் அவருக்குப் பிரிவை நடத்தும் ஜீனைக் காட்டியது. அது உண்டாக்கும் கைனேஸுக்கு இன்றைய பெயர் சிடிகே 1, சிடிகே என்றால் சைக்ளினைச் சார்ந்த கைனேஸ். கைனேஸ் என்றால் வேறு புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவைக்கும் என்சைம், அவ்வளவுதான். 1987-ல் அவர் குழு, அந்த ஜீன் பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித ஜீன்களைப் போட்டுப் பார்த்தது. ஒன்று பொருந்தி, ஈஸ்ட் பிரிய ஆரம்பித்துவிட்டது! நமக்கும் ஈஸ்ட்டுக்கும் இதில் ஒரே சாமான். நர்ஸ், ஹன்ட், இதே வேலையை வேறொரு ஈஸ்ட்டில் செய்த அமெரிக்கர் ஹார்ட்வெல் மூவருக்கும் 2001-ல் நோபல் கொடுத்தார்கள்.

வகுப்பில் இதை டவுன் பஸ் வைத்துத்தான் சொல்வேன். கைனேஸ் கண்டக்டர், எப்போதும் பஸ்ஸிலேயே இருப்பவர். சைக்ளின் அவர் கையிலுள்ள விசில். செல்லில் ஒவ்வொரு டிரிப்புக்கும் புது விசில், முடிந்ததும் உடைத்துப் போட்டுவிடுவார்கள். விசில் இல்லாமல் கண்டக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டாண்டை விட்டுக் கிளப்பும் கண்டக்டர்கள் சிடிகே 4, சிடிகே 6. அங்கே சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு, ஆர்.பி. புரதம். இவர்கள் பாஸ்பேட் ஒட்டினால்தான் அது விலகும். குழந்தைகளுக்கு வரும் ஒரு கண் புற்றுநோயில் அந்த முட்டுக்கட்டையே இருக்காது.

அக்காவுக்கு வந்திருப்பது ஹார்மோனைப் பிடித்து வளரும் மார்பகப் புற்றுநோய். ஈஸ்ட்ரோஜன் அங்கே சைக்ளினைக் கூடுதலாக உண்டாக்குகிறது, அதாவது விசில் ஓய்வதே இல்லை. அக்காவின் இரண்டு மாத்திரைகளில் லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. நீ கேட்ட 21 நாள் மாத்திரையான பால்போசிக்ளிப், சிடிகே 4, 6 என்ற அந்த இரண்டு கண்டக்டர்களையும் பிடித்து உட்கார வைக்கிறது. முதலில் வந்த மருந்துகள் எல்லா சிடிகே-யையும் சேர்த்து அடித்துப் பார்த்தன, உடம்பு தாங்கவில்லை. சிடிகே 1 இல்லாமல் எந்தச் செல்லும் பிரியாதே. 4, 6 இரண்டை மட்டும் பிடிக்கும் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2015-ல்.

இப்போது உன் ஏழு நாள். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு உண்டாவதற்கும் சிடிகே 6 வேண்டும். மருந்து அதையும் நிறுத்திவிடுகிறது. வெள்ளையணுவில் ஒரு வகையான நியூட்ரோபில் ரத்தத்தில் நீண்ட நாள் இருப்பதில்லை, வரத்து நின்றால் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். முதல் மாதங்களில் 15-ம் நாள் ரத்தம் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் சாதாரண கீமோபோல மஜ்ஜைச் செல்களை இது கொன்று போடுவதில்லை, நிறுத்தி வைக்கிறது. மருந்தை விட்டதும் அவை வேலையைத் தொடங்கி, ஒரு வாரத்தில் எண்ணிக்கை மேலே வரும். ஏழு நாள் இடைவெளி அதற்குத்தான். லெட்ரோசோலுக்கு லீவு கிடையாது, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க அந்த வாரமும் தினம் சாப்பிட வேண்டும். அக்கா இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடப் போகிறார், பார்த்துக்கொள்.

இது எப்போதைக்கும் வேலை செய்யும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில கட்டிகள் அந்த முட்டுக்கட்டையையே தொலைத்துவிட்டுக் கிளம்பும், அப்போது கண்டக்டரைப் பிடித்து என்ன பயன்? ஆனால் வருஷக்கணக்கில் ஓடுபவர்களும் இருக்கிறார்கள். விலை கேட்டு மலைத்துப்போனதாக எழுதியிருந்தாயே, 2023-ல் இங்கே காப்புரிமை முடிந்து நம்மூர் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள்.

உங்கள் கொல்லைப் பம்ப்ளிமாஸ் இன்னும் காய்க்கிறதா? அக்காவுக்கு உரித்துக் கொடுத்துவிடாதே. மாத்திரைச் சீட்டில் கிரேப்ஃப்ரூட் கூடாதென்றுதான் போட்டிருக்கும், பம்ப்ளிமாஸ் அதற்குத் தாய் முறை. மருந்தைச் சிதைக்கும் என்சைமை அது தடுக்கும், ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். பழம் வீணாகப் போகிறதே என்று கவலை வேண்டாம், பஸ் பார்சலில் இங்கே போட்டு விடு.

அன்புடன்,
சரசு